மலைக் காட்டுல கேம்பிங்: என்ன பிழைச்சா எங்க கை வைக்கிறது

ஓகஸ்ட் லீவு கிட்ட வந்தா வெள்ளவத்தைல எங்கட வட்ஸ்அப் குரூப்புக்கு காய்ச்சல் பிடிச்சிடும். "மச்சான் இந்த முறை ஹோட்டல் வேணாம், டென்ட் அடிப்பம்" எண்டு ஒருத்தன் போட்டா பதினாலு பேர் கைதட்டுவாங்கள், வெள்ளிக்கிழமை ராத்திரி வான் வெளிக்கிடேக்க ஆறு பேர்தான் மிஞ்சும். அது பிரச்சினை இல்ல. திங்கட்கிழமைல இருந்து வொய்ஸ் மெசேஜ் வரத் தொடங்கும், அண்ணே டென்ட் ஒழுகுது, அண்ணே அடுப்பு சரியில்ல, அண்ணே கால் முழுக்க ரத்தம் எண்டு, தனித்தனியா பதில் சொல்லி எனக்கு வாய் வலிக்குது. அதான் ஒரே இடத்தில எழுதுறன். உங்களுக்கு என்ன நடந்ததோ அந்தத் தலைப்புக்கு நேராப் போங்கோ, முழுக்க வாசிக்கோணும் எண்டு இல்ல, ஆனா ஈரத்தப் பத்தின முதல் பகுதிய மட்டும் விட்டிடாதேங்கோ, மற்றப் பிழைகள்ல பாதி அங்கயிருந்துதான் கிளம்புது.

நான் சொல்றது எங்கட இலங்கை மலைநாட்டு இடங்கள, நக்கிள்ஸ் காட்டுப் பக்கம் ரிவர்ஸ்டன், இலுக்கும்புர, மீமுரே, மற்றது பெலிஹுல்ஓயா, ஹோர்ட்டன் சமவெளி மாதிரி. நாங்க வருஷம் முழுக்க ஃபேன் போட்டுப் படுக்கிற ஆக்கள், எங்களுக்கு குளிர் எண்டா ஒஃபிஸ் ஏசி. மலைல கணக்கு வேற. 1000 மீட்டர் ஏறினா சராசரியா ஆறு, ஆறரை பாகை குறையும், ஹோர்ட்டன் சமவெளி 2100 மீட்டருக்கு மேல கிடக்கு, அப்ப கொழும்புல 31 எண்டா அங்க மத்தியானமே 17, 18தான், ராத்திரியப் பத்திச் சொல்லத் தேவையில்ல. மற்றது எங்கட வெயில் காலம் மலை முழுக்க ஒரே மாதிரி இல்ல. மே தொடக்கம் செப்டெம்பர் வரைக்கும் தென்மேல் பருவக்காத்து மேற்குச் சரிவுல மழையக் கொட்டிட்டு, கிழக்குப் பக்கம் போகேக்க காய்ஞ்ச காத்தா அடிக்கும். ரிவர்ஸ்டன் இந்த ரெண்டுக்கும் நடுவில நிக்கிற வாசல் மாதிரி, இந்தப் பக்கம் முகிலும் தூறலும், அதே ரோட்டுல அங்கால இறங்கினா பிட்டவல பத்தனைப் புல்வெளில சுள்ளெண்ட வெயில். ஏப்ரல் லீவெண்டா வேற கதை, விடிய நீல வானம், பின்னேரம் இடி.

விடிய எழும்பினா டென்டுக்குள்ள எல்லாம் ஈரம்

உடன டேப்பத் தேடாதேங்கோ. தண்ணி மேலயிருந்து வந்ததா, கீழயிருந்து வந்ததா, இல்லாட்டி உங்களிட்டயிருந்தே வந்ததா எண்டு முதல்ல பாருங்கோ. மூண்டுக்கும் வைத்தியம் வேற, ஒண்டுக்குச் செய்யிறது மற்றதக் கூட்டிவிடும்.

இத நான் பட்டுப் படிச்சன். இலுக்கும்புரப் பக்கம் ஒரு ஆத்தங்கரை, நாலு பேர் டென்டுல நாங்க நாலு பேர் (பெட்டில நாலு பேர் எண்டு போட்டிருந்தா மூண்டு பேர் எண்டுதான் வாசிக்கோணும், அது எனக்கு அப்ப தெரியாது). முதல் ராத்திரி ஒரு துளி மழை இல்ல, ஆனா விடியக்காலம் என்ர நெத்தில சொட்டுச் சொட்டா விழுது. டென்ட் புறக்கோட்டைல வாங்கினது, "முழு வாட்டர்ப்ரூப் தம்பி" எண்டு சொன்ன கடைக்காரர நல்லா நாலு வார்த்தை திட்டிட்டு, ரெண்டாம் ராத்திரி கூரைல இருந்த வலை ஜன்னல் ரெண்டையும் பொலித்தீன் வச்சு டேப் அடிச்சு மூடி, கதவுச் சிப்பையும் கடைசி வரைக்கும் இழுத்திட்டுப் படுத்தம். விடிய குளம். அப்பதான் மச்சான் டோச்ச கூரைக்குப் பக்கத்தில சரிச்சுப் பிடிச்சான். துணி முழுக்க ஒரு இடம் விடாம கடுகளவு முத்து முத்தா தண்ணி, தையல் இருக்கிற இடத்திலயும் அதே அளவு, இல்லாத இடத்திலயும் அதே அளவு. விரலால ஒரு கோடு இழுத்தா அந்தக் கோடு மட்டும் துடைச்ச மாதிரி நிக்குது, கொஞ்ச நேரத்தில அதுக்குள்ளயும் திரும்ப முத்துக் கட்டுது. கடைக்காரர் பாவம். அது எங்கட மூச்சு.

ஒராள் ஒரு ராத்திரில மூச்சாலயும் வேர்வையாலயும் விடுற தண்ணி அரை லீட்டருக்குக் கிட்ட வரும். நாலு பேர் எண்டா ரெண்டு லீட்டர், அத நாங்க காசு குடுத்து பொலித்தீன் வாங்கி உள்ளுக்கு அடைச்சு வச்சிருக்கிறம். வெளியால குளிர், உள்ளுக்குச் சூடான ஈரக்காத்து, நடுவில மெல்லிய துணி, ஐஸ் போட்ட கிளாஸ் வெளிப்பக்கம் வேர்க்கிற மாதிரித்தான்.

அப்ப எப்பிடிப் பிரிச்சுப் பார்க்கிறது எண்டா, முத்து எல்லா இடமும் ஒரே சீரா இருந்து ராத்திரி மழையும் இல்லாட்டி அது மூச்சு. கதவின்ர மேல் பக்கச் சிப்ப நாலு விரல் திறந்து, எதிர்ப்பக்கத்திலயும் ஒரு வழி விட்டுப் படுங்கோ, வலைய மூடாதேங்கோ. குளிருமே எண்டு கேப்பீங்கள், குளிரும்தான், ஆனா ஈரமா குளிருறதவிட காய்ஞ்சு குளிருறது எவ்வளவோ மேல். ஈரச் சொக்ஸ், குளிச்ச துவாய் ஒண்டையும் உள்ளுக்குத் தொங்கவிட வேணாம். ஆத்துக்குப் பக்கத்தில பள்ளத்தில அடிக்கிறதும் இதுக்கு ஒரு காரணம், ராத்திரிக் குளிர்காத்து தண்ணி மாதிரி கீழ இறங்கிப் பள்ளத்தில தேங்கும், பத்துப் பதினைஞ்சு மீட்டர் மேல ஏறி மரத்துக்குக் கீழ அடிச்சா பனி குறைவு. மரத்த நிமிர்ந்து பார்த்து, காய்ஞ்ச கொப்பு தலைக்கு மேல தொங்கேல்ல எண்டத உறுதி செய்திட்டு அடியுங்கோ.

ஈரம் ஒரு கோடா, தையல் வழியா, இல்லாட்டி ஒரே மூலைல இருந்து வழிஞ்சு வந்திருந்தா அது மேல. மேல் விரிப்பு தொய்ஞ்சு உள் துணில முட்டுதா எண்டு பாருங்கோ, முட்டின இடத்திலதான் தண்ணி உள்ளுக்கு வரும், நைலோன் நனைஞ்சா இழுபடும், அதால பின்னேரம் இறுக்கிக் கட்டினது ராத்திரி தொய்ஞ்சு போகும், படுக்க முதல் ஒருக்கா எல்லாக் கயிறையும் திரும்ப இறுக்கோணும். இறுக்கியும் தையலால வந்தா தையலுக்குப் பூசுற பசை வாங்கி வீட்டில வச்சு, காய்ஞ்ச துணில, ஒரு நாள் விட்டுப் பூசோணும். காட்டுல ஈரத்துணில டேப் ஒட்டுறது கண்துடைப்பு. வாங்கேக்க மில்லிமீட்டர் நம்பர் ஒண்டு போட்டிருப்பாங்கள், துணி எவ்வளவு உயரத் தண்ணியத் தாங்கும் எண்ட கணக்கு அது, நம்பரே போடாத டென்ட் பீச்சுக்கு, மலைக்கு இல்ல.

கீழயிருந்து எண்டா பாயத் தூக்கிப் பாருங்கோ. முழங்கை, முழங்கால், இடுப்பு அழுத்தின இடத்தில மட்டும் ஈரம் எண்டா அடித்துணில பூச்சு போயிட்டுது. அடியில தார்ப்பாய் விரிச்சிருக்கிறீங்கள், அப்பிடியும் ஆறா ஓடுது எண்டா, தார்ப்பாய் டென்டவிடப் பெரிசா வெளியால நீட்டிக்கொண்டு நிக்குதா எண்டு பாருங்கோ. நீட்டிக்கொண்டு நிண்டா மழைத்தண்ணிய அது கைநீட்டி வாங்கி உங்களுக்குக் கீழ கொண்டுவந்து விடும். நாலு பக்கமும் ஒரு சாண் உள்ளுக்கு மடிச்சு விடுங்கோ, அவ்வளவுதான். கூடாரத்தைச் சுத்தி மண்வெட்டியால கான் வெட்டுற பழக்கத்த விடுங்கோ, சரிவில வெட்டின மண் அடுத்த மழைக்கு அரிச்சுக்கொண்டு போகும்.

ஸ்லீப்பிங் பேக் இருந்தும் குளிருது

மேல போர்த்தது காணாது எண்டுதான் எல்லாரும் நினைக்கிறது. கையால முதுகுப்பக்கத்தத் தொட்டுப் பாருங்கோ. முதுகு ஐஸ், நெஞ்சு பரவாயில்ல எண்டா குளிர் நிலத்தால வருது. ஸ்லீப்பிங் பேக்குல உங்களுக்குக் கீழ இருக்கிற பஞ்சு உங்கட பாரத்தில சப்பளிஞ்சு போயிடும், சப்பளிஞ்ச பஞ்சு சூட்டப் பிடிக்காது. கடற்கரைல மிதக்கிற காத்து மெத்தை இன்னும் மோசம், உள்ளுக்கு இருக்கிற காத்து அங்க இங்க அசைஞ்சு உடம்புச் சூட்ட நிலத்துக்குக் கடத்திக்கொண்டே இருக்கும். யோகாப் பாய் மாதிரி ஃபோம் பாய் ஒண்டு, இல்லாட்டி ரெண்ட அடுக்கிப் போடுங்கோ, ஒண்டும் இல்லாட்டி காய்ஞ்ச உடுப்பு, வெறும் பேக், கார்ட்போர்ட் பெட்டி எல்லாத்தையும் முதுகுக்குக் கீழ தள்ளுங்கோ. எங்கட அம்மா ஒரு முறை காருக்குள்ள கிடந்த பழைய பேப்பர் கட்ட எடுத்துக் கீழ விரிச்சவ, எல்லாரும் சிரிச்சம், அண்டைக்கு நல்லா நித்திரை கொண்டது அவ ஒராள்தான்.

நெஞ்சும் குளிருது எண்டா உடுப்பு ஈரம். ஏறி வந்த டீசேட்டோட படுத்திருப்பீங்கள், பருத்தி வேர்வையக் குடிச்சு வச்சுக்கொண்டு விடாது. படுக்கிறதுக்கெண்டு ஒரு சோடி காய்ஞ்ச உடுப்ப பொலித்தீனுக்குள்ள கட்டி வைக்கோணும், அத வேற ஒண்டுக்கும் தொடக்கூடாது. நல்லா மூடுற போத்தல்ல சுடுதண்ணி ஊத்தி சொக்ஸுக்குள்ள போட்டு தொடைக்கு நடுவில வச்சுப் படுங்கோ. சாராயம் குடிச்சா சூடு எண்டுறவன நம்ப வேணாம், ரத்தம் தோலுக்கு வந்து சூட்ட வெளியால விடுறததான் நீங்க சூடு எண்டு நினைக்கிறீங்கள், மூண்டு மணிக்கு அவன்தான் முதல்ல நடுங்குவான்.

கேஸ் அடுப்பு பத்துது, ஆனா தண்ணி கொதிக்கேல்ல

டின்னக் குலுக்கிப் பாருங்கோ, உள்ளுக்குத் திரவம் சலக் சலக் எண்டு அடிக்குதெண்டா கேஸ் முடியேல்ல. கடைல மலிவா விக்கிற நீட்டு டின் அநேகமா பியூட்டேன், அது கொதிச்சு ஆவியாகிற இடம் சைபர் பாகைக்குக் கொஞ்சம் கீழ, அப்ப 10 பாகைக் காத்துக்கே அதுக்கு உற்சாகம் போயிடும். அதோட ஆவியாக ஆவியாக டின் தன்னத்தானே குளிர வைக்கும். அடுப்ப மூட்டிப் பத்து நிமிஷத்தில டின்னின்ர வெளிப்பக்கம் பாருங்கோ, ஒரு மட்டத்துக்குக் கீழ மட்டும் வேர்த்திருக்கும், அந்தக் கோடுதான் மிச்சக் கேஸின்ர மட்டம். நெருப்பு சின்னனாகுதெண்டா அணைச்சு, டின்னக் கழட்டி, ஜக்கெட்டுக்குள்ள ஒரு பத்து நிமிஷம் வச்சிருங்கோ. ராத்திரி ஸ்லீப்பிங் பேக்குல கால்மாட்டில போட்டா விடியப் பிளேன் டீக்கு ரெடி. உருண்டை டின் அடுப்பெண்டா இளஞ்சூட்டுத் தண்ணித் தட்டுல டின்ன வைக்கலாம், கைவச்சா கை தாங்கிற சூடுதான், அதுக்கு மேல போனா குண்டு. நெருப்புல காட்டிச் சூடாக்குற புத்திசாலியக் கண்டா எழும்பி ஓடுங்கோ.

நெருப்பு நல்லா நீலமா எரிஞ்சும் சுணங்குதெண்டா காத்து. காத்து வாற பக்கம் மட்டும் மறையுங்கோ, டின்னையும் சேத்துச் சுத்திவர மூடினா டின் சூடேறும்.

பருப்பு வேகுதில்ல எண்டுறதுக்கு அடுப்பு காரணமே இல்ல. 300 மீட்டருக்கு ஒரு பாகைப்படி தண்ணி கொதிக்கிற சூடு குறையும், ஹோர்ட்டன் சமவெளில 93 பாகைலயே கொதிச்சிடும், அங்க நீங்க ஒரு மணித்தியாலம் நிண்டாலும் கொழும்புப் பருப்பு வராது. மைசூர்ப் பருப்ப வீட்டிலயே ஊறவச்சுக் கொண்டுபோங்கோ, இல்லாட்டி டின்மீனும் பாணும் சம்பலும். எனக்கு என்னவோ மலை உச்சில வச்சு டின்மீன் சம்பலோட பாண் சாப்பிடேக்க பிரியாணி எல்லாம் பின்னுக்குத்தான்.

எல்லாருக்கும் ஒரேயடியா தலையிடி

இது சிரிக்கிற விஷயம் இல்ல. மலைல ஏறினதால எண்டு நினைச்சு பனடோல் போட்டிட்டுப் படுத்திடாதேங்கோ, உயரத்தால வாற நோய் வழமையா 2500 மீட்டருக்கு மேலதான், எங்கட நாட்டில ஆகக் கூடின பீதுருதாலகாலயே 2524 மீட்டர். டென்டுக்குள்ள அடுப்பு எரிச்சீங்களா, பார்பிகியூக் கரித்தணல் குளிருக்கெண்டு உள்ளுக்குக் கொண்டுவந்தீங்களா எண்டு முதல்ல கேளுங்கோ. தணல் கறுத்துக் கிடந்தாலும் கார்பன் மொனொக்சைட் வரும், மணமே இல்ல. ரெண்டு மூண்டு பேருக்கு ஒரே நேரத்தில தலையிடி, ஓங்காளம், நித்திரை மயக்கம் எண்டா உடன எல்லாரையும் வெளியால இழுங்கோ, கூப்பிட்டும் எழும்பாதவனையும் இழுங்கோ, 1990க்கு அடியுங்கோ, அந்த அம்புலன்ஸுக்குக் காசில்ல. மழையெண்டாலும் சமையல் வெளியாலதான், தார்ப்பாயக் கட்டிட்டு அதுக்குக் கீழ.

ஒராளுக்கு மட்டும் தலையிடி எண்டா தண்ணி குடிச்சது காணாது, இல்லாட்டி வழமையா குடிக்கிற டீ இண்டைக்கு இல்ல.

கால்ல ரத்தம் நிக்கேல்ல

அட்டை. விழுந்து போயிட்டுது, ஆனா ரத்தம் மட்டும் ஓடிக்கொண்டே இருக்குதெண்டு பயந்து ஃபோன் எடுக்கிற ஆக்கள்தான் கூட. அது கடிக்கேக்க ரத்தம் உறையாம இருக்க ஒரு சாமான விடும், அது கழுவுப்பட்டுப் போகும்வரைக்கும், சில நேரம் மணித்தியாலக் கணக்கில, கசிஞ்சுகொண்டுதான் இருக்கும். சவர்க்காரம் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால பத்து நிமிஷம் எடுத்துப் பார்க்காம அழுத்திப் பிடிச்சிட்டு பிளாஸ்டர் போடுங்கோ.

ஒட்டிக்கொண்டு இருக்கேக்க உப்பு, லைட்டர், தேசிக்காய் எண்டு வதைக்காதேங்கோ, அது குடிச்சத கடிவாய்க்குள்ளயே கக்கும். ரெண்டு முனைல மெல்லிசான பக்கம்தான் வாய், அதுக்குப் பக்கத்தில தோல இழுத்துப் பிடிச்சு நகத்தால பக்கவாட்டில நெம்புங்கோ, அது விட்டதும் தடிச்ச முனையையும் நெம்பி உடன சுண்டி விடுங்கோ, இல்லாட்டி விரல்ல ஒட்டும். உப்பும் சவர்க்காரமும் சித்தாலேபத் தைலமும் சொக்ஸுக்கு. காற்சட்டைய சொக்ஸுக்குள்ள விட்டிட்டு, காய்ஞ்ச சவர்க்காரக் கட்டியால சொக்ஸ் மேல வெள்ளையாத் தெரியும்வரைக்கும் தேய்ப்பம் நாங்க, ஆறு கடந்தாப் பிறகு திரும்ப. நிண்டு கதைக்கிற இடத்திலதான் ஏறும், செல்ஃபி எடுக்கிறவனுக்குத்தான் ஆகக் கூட.

தோல்ல கறுப்பு மிளகு மாதிரி ஒண்டு அசையாம ஒட்டியிருந்தா அது உண்ணி. இடுக்கியால தோலோட ஒட்டப் பிடிச்சு, திருகாம, மெதுவா நேர மேல இழுக்கோணும். திரும்பி வந்து ரெண்டு கிழமைக்குள்ள காய்ச்சல் வந்தா கொழும்பு டொக்டர் முதல்ல டெங்கு எண்டுதான் யோசிப்பார், அதுவும் சரிதான், ஆனா காட்டுக்குப் போனது, உண்ணி கடிச்சது, ஆத்தில இறங்கினது எல்லாத்தையும் நீங்களா வாயத் திறந்து சொல்லுங்கோ, உண்ணிக் காய்ச்சலுக்கும் எலிக் காய்ச்சலுக்கும் குடுக்கிற மருந்து டெங்குக்குக் குடுக்கிறதில்ல.

ராத்திரிக் காத்துல டென்ட் சாய்ஞ்சிட்டுது

எந்தப் பக்கம் ஆப்பு கழண்டது எண்டு பாருங்கோ. ஆப்பு வளையாம முழுசா வெளில வந்திருந்தா நேர அடிச்சிருப்பீங்கள், டென்டுக்கு எதிர்ப்பக்கமா தலை சாயிற மாதிரி சரிச்சு அடிக்கோணும். வளைஞ்சிருந்தா கீழ கல்லு, ஒரு சாண் தள்ளி வேற இடம். மண் இளகலெண்டா கயிறை மரவேர்ல கட்டுங்கோ, இல்லாட்டி பாரக் கல்லொண்ட ஆப்புக்கு மேல வையுங்கோ. கதவு காத்து வாற திசைய பார்த்தா டென்ட் பாய்மரம் ஆகிடும், ரிவர்ஸ்டன் மாதிரி கணவாய்ல ஜூன் தொடக்கம் ஓகஸ்ட் வரைக்கும் அடிக்கிற காத்துக்கு இது முக்கியம், குறுகின முதுகுப் பக்கத்தக் காத்துக்குக் குடுங்கோ.

ஃபைபர் கம்பி நெடுகப் பிளந்திருந்தா வெறுங்கையால தடவாதேங்கோ, சிலாம்பு ஏறும். அதவிடக் கொஞ்சம் அகலமான குழாய்த் துண்டு ஒண்ட மேல செருகி ரெண்டு பக்கமும் டேப் சுத்தினா ரெண்டு மூண்டு ராத்திரி தாங்கும். குழாய் இல்லாட்டி ரெண்டு டென்ட் ஆப்ப ரெண்டு பக்கமும் வச்சு, கால் முறிஞ்சவனுக்குக் கட்டுற மாதிரிக் கட்டுங்கோ.

ஆத்துத் தண்ணி நிறம் மாறுது

ஏன் எண்டு யோசிக்க நேரம் இல்ல, மேல ஏறுங்கோ. நீங்க நிக்கிற இடத்தில வெயிலா இருக்கும், மேல மலைல மழை கொட்டியிருக்கும். தெளிஞ்ச தண்ணி மண்ணிறமாகிறது, சருகும் குச்சியும் கூட வாறது, சத்தம் மாறுறது, இதுல ஒண்டு கண்டாலும் காணும். டென்டயும் பானையையும் எடுக்கத் திரும்பிப் போக வேணாம்.

நிலத்தில புது வெடிப்பு, மரமோ போஸ்டோ சரிஞ்சு நிக்கிறது, ஊத்துத் தண்ணி திடீரெண்டு கலங்குறது இல்லாட்டி நிக்கிறது எண்டா மண்சரிவு. போக முதலே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுற மண்சரிவு எச்சரிக்கையப் பாருங்கோ, மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு எண்டு மூண்டு கட்டம், நீங்க போற பிரதேச செயலாளர் பிரிவு அதுல இருந்தா வானுக்குக் குடுத்த அட்வான்ஸ் போனாப் போகட்டும். அங்க நிக்கேக்க எண்டா அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு, 117க்கு அடியுங்கோ.

இடிக்கு டென்ட் ஒரு பாதுகாப்பும் இல்ல. மின்னலுக்கும் சத்தத்துக்கும் நடுவில எண்ணுங்கோ, மூண்டு செக்கனுக்கு ஒரு கிலோமீட்டர், முப்பதுக்குக் குறைய எண்டா எல்லாரும் வானுக்குள்ள, கடைசி இடி கேட்டு அரை மணித்தியாலம் போகும்வரைக்கும் இறங்க வேணாம்.

வயித்தோட்டம்

மலை ஊத்து சுத்தம் எண்டுற நம்பிக்கைதான் காரணம், மேல ஒரு தோட்டமோ லயனோ மாட்டுப்பட்டியோ இருக்கிறது உங்களுக்குக் கீழ இருந்து தெரியாது. துணில வடிச்சிட்டு, தளதளவெண்டு கொதி வந்தாப் பிறகு ஒரு நிமிஷம், 2000 மீட்டருக்கு மேல எண்டா மூண்டு நிமிஷம். தண்ணில கரைச்சுக் குடிக்கிற ஜீவனி, நாலு பக்கெட்டாவது பேக்குக்குள்ள கிடக்கோணும். ரத்தம் போனாலோ காய்ச்சலும் சேர்ந்தாலோ கேம்பிங் முடிஞ்சுது, இறங்குங்கோ.

ராத்திரி வெளியால ஏதோ சரசரக்குது

பத்துக்கு ஒம்பது தரம் அது உங்கட சாப்பாட்டுப் பேக்குக்கு வந்தது. காட்டுப்பண்டி, எலி, விடிஞ்சா குரங்கு. டென்டுக்குள்ள சொக்லேட் வச்சிருந்தா எலி அடித்துணில ஓட்டை போடும், பிறகு நீங்க முதல் பகுதிக்குத் திரும்பிப் போய் ஈரம் எங்கயிருந்து வருதெண்டு தேடுவீங்கள். சாப்பாடு, குப்பை, டூத்பேஸ்ட் எல்லாம் வானுக்குள்ள பூட்டுங்கோ. ஹோர்ட்டன் சமவெளில மரை டென்டுக்குக் கிட்டவே வந்து நிக்கும், பாணக் காட்டாதேங்கோ, ஏற்கனவே ஆக்கள் குடுத்துக் குடுத்துத்தான் அதுகள் மனிசரத் தேடி வருது. பொலித்தீன அங்க வாசல்லயே செக் பண்ணி எடுப்பாங்கள், தண்ணிப் போத்தல் லேபல் உட்பட, அதால சாமான டப்பால போட்டுக்கொண்டு போங்கோ. பெர்மிட் கதையும் இதோட சேத்து: சமவெளிக்கு வனஜீவராசிகள் திணைக்களம், நக்கிள்ஸ் காட்டுக்கு வனத் திணைக்களம், ரெண்டும் வேற வேற கந்தோர், ஒண்டுல எடுத்த துண்ட மற்றதில காட்டினா திருப்பி அனுப்புவாங்கள்.

சருகுக்குள்ள கால் வச்சுப் பாம்பு கடிச்சா கட்டுப் போடுறது, வெட்டுறது, உறிஞ்சுறது ஒண்டும் வேணாம். மோதிரம், மணிக்கூடு கழட்டி, அந்தக் கால அசைக்காம, தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு. சிங்களத்தில குணகட்டுவா எண்டு சொல்ற சின்ன விரியன் இந்தக் காடுகள்ல சருகு நிறத்திலயே கிடக்கும், இங்க பாவிக்கிற இந்திய விஷமுறிவு மருந்து அதுக்கு வேலை செய்யாது, அப்பிடியிருந்தும் ஆஸ்பத்திரிதான், ஏனெண்டா அது சிறுநீரகத்தையும் ரத்தம் உறையிறதையும் பாதிக்கலாம், அத ரத்தம் சோதிச்சுத்தான் பார்க்கலாம். ராத்திரி வெளியால போகேக்க செருப்பு வேணாம், சப்பாத்தும் டோச்சும், சப்பாத்தப் போட முதல் கவிட்டுத் தட்டுங்கோ.

விறகு புகையுது, பத்துதில்ல

பத்தாமலே இருக்கட்டும். காட்டுக்குள்ள நெருப்புக்கு அனுமதி இல்ல, ஓகஸ்ட்ல பத்தனைப் புல்லு கடதாசி மாதிரி காய்ஞ்சிருக்கும், ஒரு பொறி காணும். தனியார் கேம்ப் இடத்தில கல்லடுக்கின குழி இருந்தா அதுக்குள்ள மட்டும், போகேக்க தண்ணி ஊத்தி, கிளறி, கையால தொட்டுப் பார்த்துக் குளிர்ந்திருக்கோணும்.

ஃபோன் சார்ஜ் ராத்திரியோட இறங்கிட்டுது

சிக்னல் இல்லாத இடத்தில ஃபோன் டவரத் தேடித் தேடியே பெட்டரியக் குடிக்கும், ஏரோபிளேன் மோட்ல போடுங்கோ. குளிரும் கொஞ்சம் குடிக்கும், பவர்பேங்கையும் ஃபோனையும் உங்களோட படுக்க வையுங்கோ, ஆனா கேஸ் டின் பக்கத்தில இல்ல.

இறங்கேக்க பிரேக் மணக்குது

எரிஞ்ச ரப்பர் மாதிரி மணம், பெடல் பஞ்சு மாதிரி கீழ போகுது எண்டா ஓரமா நிப்பாட்டி அரை மணித்தியாலம் ஆற விடுங்கோ, தண்ணி ஊத்தாதேங்கோ, தட்டு வளைஞ்சிடும். பிறகு ரெண்டாம் கியர்ல, ஓட்டோ கியரெண்டா 'L' எழுத்தில போட்டு எஞ்சின் பிடிக்க இறங்குங்கோ. காலி வீதி ட்ரஃபிக்குல ஓடிப் பழகின கால் பிரேக்க விட்டு எடுக்காது, அதான் காரணம்.

அடுத்த வருஷம் திறந்தா டென்ட் ஒட்டுது, நாறுது

இந்தப் பிழை காட்டுல நடக்கேல்ல, வீட்டில நடந்தது. ஈரத்தோட சுருட்டி கட்டிலுக்குக் கீழ போட்டிருப்பீங்கள். உள்பக்கப் பிளாஸ்டிக் பூச்சு ஈரத்தாலயும் சூட்டாலயும் உடைஞ்சு பசையாகும், கொழும்பு வீட்டுக்குள்ள ரெண்டுக்கும் குறைவில்ல. விரல்ல பிசுபிசுப்பு ஒட்டி, பூச்சு செதில் செதிலா உரியுதெண்டா மேல் விரிப்பு முடிஞ்சுது, மழைக்கு எடுபடாது. புள்ளி புள்ளியா கறுப்புப் பூஞ்சணமும் நாத்தமும் மட்டும் எண்டா பிழைக்கும், இளஞ்சூட்டுத் தண்ணில மென்மையான சவர்க்காரம் போட்டு ஸ்பொஞ்சால துடைச்சு, நிழல்ல காயப் போடுங்கோ. வொஷிங் மெசின்ல போடாதேங்கோ, தையல் எல்லாம் கழண்டு வரும்.

வெள்ளவத்தைக் கடல் பக்கம் இருக்கிற ஆக்களுக்கு இன்னொண்டு, சிப்பு இறுகுதெண்டா உப்புக்காத்து, நல்ல தண்ணில டூத்பிரஷ்ஷால தேய்ச்சு, காய்ஞ்சாப் பிறகு மெழுகுதிரியால பல்லு மேல ஒருக்கா இழுங்கோ. காயப் போட இடம் இல்ல எண்டுறது எனக்கும் தெரியும், எங்கட ஃப்ளாட் பல்கனில மூண்டடிதான் அகலம், நான் மேல் விரிப்ப சாரம் மாதிரி ரெண்டா மடிச்சுக் கொடில போட்டு ரெண்டு நாள் விட்டன், கீழ் மாடி அன்ரி ஏறி வந்து, "தம்பி, எங்கட ஜன்னல்ல வெளிச்சமே இல்ல, அதோட உங்கட சீலைல இருந்து ஒரு அட்டை எங்கட பூச்சாடில விழுந்து கிடக்கு" எண்டா.